முழங்காலில் முழு மூட்டு மாற்று முடிந்து 19ஆம் நாள்: மடக்குவது 82 டிகிரியைத் தாண்டவில்லை, நீட்டுவதும் முழுசாக இல்லை. எதை முதலில் பார்ப்பது?

வாசல்படி கேட்டது:

அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 66. வலது முழங்காலில் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இன்று 19ஆம் நாள். 14ஆம் நாள் தையல் பிரித்தார்கள். காயம் காய்ந்திருக்கிறது, கசிவோ காய்ச்சலோ இல்லை. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை தொடர்கிறது. வீட்டுக்குள் வாக்கரோடு நடக்கிறார்.

நேற்று மாலை, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர் வைத்து அளந்தது இது. தானாக மடக்கினால் 74 டிகிரி, நாங்கள் கை கொடுத்தால் 82. படுத்த நிலையில் காலைத் தளர்த்திப் போட்டால் நேராவதற்கு 10 டிகிரி குறைகிறது. உட்கார்ந்து தானே நீட்டச் சொன்னால் 20 டிகிரி குறைகிறது. முழங்கால் சில்லின் நடுவில் சுற்றளவு இடது காலைவிட 3.5 செ.மீ. அதிகம்.

பயிற்சி ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். முடிந்ததும் 10 நிமிடம் ஐஸ். இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத்தான் தூங்குகிறார், இல்லாவிட்டால் வலிக்கிறது என்கிறார்.

கேள்விகள்:
1. மடக்குவதா, நீட்டுவதா, எதற்கு முதலிடம்?
2. "யாராவது பிடித்து அழுத்தி மடக்கினால்தான் வரும், இப்போது விட்டால் அப்புறம் வராது" என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
3. காலை வைத்துத் தானாக மடக்கி நீட்டும் சிபிஎம் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதால் பலன் உண்டா?
4. எந்த வாரத்தில் எத்தனை டிகிரி இருக்க வேண்டும்? மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவது எப்போது வரும்?

---

கோணமானி:

எண்களோடு கேட்டதற்கு நன்றி, பாதி வேலை முடிந்துவிட்டது. இந்த எண்களில் முக்கியமானது 82 அல்ல. 10, 20, 3.5 இந்த மூன்றும்தான்.

தளர்ந்து கிடக்கும்போது 10 குறைகிறது, தானே நீட்டினால் 20 குறைகிறது என்றால் அங்கே இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. முதல் 10 டிகிரி இறுக்கம்: மூட்டின் பின்புற உறையும் தொடைப் பின்தசையும் சுருங்கிப் பிடிக்கின்றன, உள்ளே தேங்கிய நீரும் காலை நேராக விடாமல் தடுக்கிறது. அடுத்த 10 டிகிரி பலவீனம்: கால் அதுவரை போகும், தொடை முன்தசையால்தான் கொண்டுபோக முடியவில்லை. இறுக்கத்துக்கு நீண்ட நேர மெல்லிய இழுப்பு வேண்டும், பலவீனத்துக்குத் தசையை எழுப்ப வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து வெறும் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தால் இரண்டுமே நகராது.

அந்தத் தசை ஏன் தூங்குகிறது என்பதற்கு விடை உங்கள் 3.5 செ.மீ.தான். மூட்டுக்குள் நீர் கோர்த்தால், அங்குள்ள உணர்நரம்புகள் முதுகுத்தண்டு வழியாகத் தொடை முன்தசையை அடக்கிவிடும். நல்ல முழங்காலுக்குள் உப்புநீர் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், 20–30 மி.லி. போனதுமே சில்லுக்கு மேலே உட்பக்கம் இருக்கும் தசை அடங்கியது, 50–60 மி.லி.க்கு மற்ற பகுதிகளும் அடங்கின. வலியே இல்லாதபோதும் அப்படித்தான் நடந்தது. அதனால் "அம்மா முயற்சி பண்ணவில்லை" என்று யாரும் நினைக்க வேண்டாம். வீக்கம் இருக்கும்வரை அந்தத் தசைக்குக் கட்டளை முழுசாகப் போய்ச்சேராது. மூட்டு மாற்று முடிந்த ஒரு மாதத்தில் தொடை முன்தசையின் பலம் அறுவைக்கு முன்பு இருந்ததில் ஏறக்குறைய பாதியாகக் குறைவது வழக்கம்.

ஆகவே என் வரிசை: வீக்கம், நீட்டம், தசை, அதன்பின் மடக்கம். மடக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. நேரமும் பொறுமையும் குறைவாக இருக்கும் நாளில் எதைத் தவறவிடக் கூடாது என்பதற்கான வரிசை இது.

தலையணை. இன்றிரவே எடுத்துவிடுங்கள். அறுவை முடிந்த முதல் சில நாட்களில் ரத்தக்கசிவையும் வீக்கத்தையும் குறைக்கக் காலைக் கொஞ்சம் மடக்கிவைப்பதுண்டு. அந்தக் கட்டம் எப்போதோ முடிந்தது. இப்போது இரவு 7 மணி நேரம் கால் 25–30 டிகிரி மடங்கியே கிடந்தால், பகலில் நீட்டிப் பெற்றதெல்லாம் காலைக்குள் போய்விடும். வலி குறைவதற்குக் காரணம், பாதி மடங்கிய நிலையில் மூட்டு உறைக்குள் இடம் அதிகம், அழுத்தம் குறைவு. நிம்மதியான அந்த நிலையில்தான் மூட்டு இறுகும். பதிலாக, கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை முழு நீளத்துக்கும் தலையணை கொடுங்கள், முழங்காலுக்கு அடியில் வெற்றிடமாக விடுங்கள். பக்கவாட்டில் படுத்தால் இரு கால்களுக்கும் நடுவே தலையணை. முதல் இரண்டு மூன்று இரவுகள் சிரமம்தான். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையின் ஒரு வேளையைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள். கடையில் தனியாக வலி மாத்திரை வாங்கிச் சேர்க்கக் கூடாது. ரத்தம் உறையாத மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரும்.

நீட்டம். மல்லாந்து படுத்து, உருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். கெண்டைக்காலும் முழங்காலும் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். கால்விரல்கள் கூரையைப் பார்க்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள்: கால் வெளிப்பக்கம் சாய்ந்ததும் முழங்கால் மெல்ல மடங்கிவிடும், பத்து நிமிடம் கிடந்தும் இழுப்பே இருக்காது. வெளிப்பக்கம் ஒரு சிறு தலையணையை அண்டக்கொடுங்கள். முதலில் 5 நிமிடம், பழகப் பழக 10. ஒரு நாளைக்கு 5 அல்லது 6 முறை. முழங்காலின் பின்புறம் இழுப்பது சரி. முன்புறம் சுருக்கென்று குத்தினால் நிறுத்துங்கள். எடை எதுவும் வைக்க வேண்டாம். ஒரு வாரத்தில் அசையாவிட்டால் உங்கள் பிசியோவிடம் கேட்டு அரை கிலோவிலிருந்து தொடங்கலாம்.

வீக்கம். ஐஸ் 10 நிமிடம் போதாது. மெல்லிய துணி சுற்றி 15–20 நிமிடம், நாளுக்கு 4–5 முறை. தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருக்கும். அங்கே ஓடும் சிறு தோல் நரம்பு கீறும்போது அறுபடுவதால் அது பெரும்பாலானோருக்கு வருவது. அந்த இடத்தில் குளிர் அதிகமானால் அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தோலைப் பார்க்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் இப்போது வேண்டாம், வீக்கத்தைக் கூட்டும். காலை உயர்த்தும்போது குதிகால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே போக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் வைப்பதை உயர்த்துவதாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பயிற்சியின் அளவு. ஒரே மூச்சில் 45 நிமிடம், அதுவும் மூன்று முறை என்பது 19ஆம் நாள் மூட்டுக்கு அதிகம். அதே வேலையை 12–15 நிமிடமாக ஆறு தடவைக்குப் பிரித்துப்போடுங்கள். அளவு சரியா என்று மறுநாள் காலை மூட்டே சொல்லிவிடும். எழுந்ததும், நடப்பதற்கு முன், சில்லின் நடுவில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். முந்தைய காலையைவிட 1 செ.மீ. கூடியிருந்தாலோ, பயிற்சி முடிந்து 2 மணி நேரம் கழித்தும் வலி வழக்கத்தைவிட அதிகமாக இருந்தாலோ, அன்று மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம். நடந்த நடையையும் பயிற்சிக் கணக்கில் சேருங்கள், வீட்டுக்குள் அலைவதும் மூட்டுக்குச் சுமைதான்.

அளப்பது பற்றி ஒன்று. கோனியோமீட்டரின் அச்சு முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேட்டில், ஒரு கை இடுப்பின் வெளிப்பக்க எலும்பை நோக்கி, மறு கை கணுக்காலின் வெளி எலும்பை நோக்கி இருக்க வேண்டும். சரியாக அளந்தாலும் 5 டிகிரி வரை முன்னே பின்னே வரும். ஒரே ஆள், ஒரே நேரம். தினமும் மடக்கத்தை அளந்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வாரம் இரண்டு முறை போதும்.

---

தசைநார்:

கோணமானி சொன்ன வரிசையை ஏற்கிறேன். ஆனால் மடக்கத்தைக் கடைசியில் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் இரண்டு வாரம் ஒத்திப்போட்டுவிடக் கூடாது. முதல் 6 வாரம் வடுத்திசு இளசாக இருக்கும், மெல்லிய இழுப்புக்கே இணங்கும். 12 வாரத்துக்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஒரு வருடம் வரை உண்டு. ஆனால் ஒவ்வொரு டிகிரிக்கும் படும் பாடு அதிகம்.

முதலில் இரண்டாம் கேள்வி. வேறொருவர் பிடித்து அழுத்தி மடக்குவது கூடவே கூடாது. வலி வரும் என்று தெரிந்ததும் தொடை முன்தசை தானாகவே இறுகி எதிர்க்கும். எதிர்க்கும் தசையின் மேல் அழுத்தினால் உள்ளே சிறு கிழிசல்கள், ரத்தக்கசிவு, மறுநாள் கூடுதல் வீக்கம், ஆறும்போது கூடுதல் வடு. 82-ஐ 90 ஆக்கப்போய் 75-ல் வந்து நிற்கும். எலும்பு தேய்ந்த வயதில் எலும்பு முறிவு, சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் அறுதல், ஆறிய காயம் வாய் திறத்தல் ஆகியவையும் நடக்கும். அழுத்தம் அவருடைய கையிலோ அவருடைய மறு காலிலோ இருக்க வேண்டும். "நினைத்தால் விட்டுவிடலாம்" என்று தெரிந்தால்தான் தசை தளரும்.

இனி அவரே செய்யக்கூடியவை.

நாற்காலியில் உட்கார்ந்து, வலது பாதத்தைத் தரையில் எவ்வளவு பின்னால் போகுமோ அவ்வளவு இழுத்து ஊன்றச் சொல்லுங்கள். பாதம் நகராமல் இருக்க, இடுப்பை மட்டும் நாற்காலியின் முன்விளிம்புக்கு மெல்ல நகர்த்த வேண்டும். 10–15 விநாடி நிறுத்தி, திரும்பி வந்து, 8–10 முறை. வலது பக்க இடுப்பு தூக்கிக்கொண்டால் அந்தக் கோணம் பொய். முழங்கால் மடங்கவில்லை, இடுப்பு ஏமாற்றுகிறது. இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்திருக்கிறாரா என்று எதிரில் நின்று பாருங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது, பயப்படுகிறவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். மல்லாந்து படுத்து, தொடையைச் செங்குத்தாகத் தூக்கி, தொடையின் பின்புறத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கீழ்க்காலை அதன் எடையிலேயே தொங்கவிட வேண்டும். ஒரு நிமிடம், மூன்று முறை. பூமி இழுக்கிறது, யாரும் அழுத்தவில்லை. எல்லையில் நின்றதும், இடது கையை வலது கணுக்காலின் முன்புறம் கொடுத்து, காலை நீட்டப்போவதுபோல் லேசாகக் கையை எதிர்த்துத் தள்ளச் சொல்லுங்கள். முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 5 விநாடி. பிறகு மூச்சை வெளியே விட்டுத் தளர்த்தினால் இன்னும் 2–3 டிகிரி கீழே இறங்கும். இப்படி 4 அல்லது 5 சுற்று. கை எட்டவில்லை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை வலது கணுக்காலின் முன்னே குறுக்கே போட்டு இதையே செய்யலாம்.

சில்லை அசைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கால் நீண்டு, தொடை முற்றிலும் தளர்ந்திருக்கும்போது, சில்லின் ஓரங்களில் விரல் வைத்து மேலே, கீழே, உள்ளே, வெளியே மெல்லத் தள்ளி 5 விநாடி நிறுத்துங்கள்; திசைக்கு 10 முறை. மடக்கும்போது சில்லு கீழே வழுக்க வேண்டும், நீட்டும்போது மேலே. அது ஒட்டிக்கொண்டால் இரண்டும் நிற்கும். விரல் தழும்பின் மேல் படக் கூடாது. தழும்பையே தேய்த்துவிடுவது, பொருக்கெல்லாம் உதிர்ந்து தோல் முழுசாக மூடிய பிறகு, அதாவது இன்னும் ஒன்றிரண்டு வாரம் கழித்து.

நிலைச் சைக்கிள் கிடைத்தால், இருக்கையை உயரமாக வைத்து முன்னும் பின்னும் அரைச் சுற்று ஆட்டினால் போதும். முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 105–110 டிகிரி வேண்டும். முன்பக்கம் சுற்றுவதைவிடப் பின்பக்கம் முதலில் சுற்ற வரும். எதிர்ப்பு பூஜ்யம்.

மூன்றாம் கேள்வி, இயந்திரம்: வேண்டாம். நீண்ட காலத்தில் மடக்கத்திலோ நடையிலோ பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்க பிசியோதெரபி சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், சிக்கலில்லாத முதல் மூட்டு மாற்றுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. அதில் கால் சும்மா கிடக்கிறது, தசை எதையும் கற்றுக்கொள்வதில்லை. கடைசிச் சில டிகிரி நீட்டமும் பெரும்பாலும் அதில் கிடைக்காது. அந்த நேரத்தைக் குதிகால் துண்டுக்குக் கொடுங்கள்.

நான்காம் கேள்வி. உத்தேசமாகச் சொன்னால், மூன்றாம் வாரத்தில் 80–90, ஆறாம் வாரத்தில் 105–110, பன்னிரண்டாம் வாரத்தில் 115–120. நீட்டம் நான்காம் வாரத்துக்குள் 0–5 குறைவுக்குள் வந்துவிட வேண்டும். அதாவது 82 என்பது பயப்படும் எண் அல்ல. 10 குறைவுதான் கவனிக்க வேண்டியது. அறுவைக்கு முன்பு எவ்வளவு மடங்கியது என்று பழைய சீட்டில் பாருங்கள். கடைசியில் கிடைக்கப்போகும் மடக்கத்தை முன்கூட்டிச் சொல்வதில் அதற்கு இணையான எண் வேறில்லை. முன்பே 95 தான் என்றால் 125-ஐ எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

எதற்கு எத்தனை டிகிரி வேண்டும் என்று தெரிந்தால் மனம் கொஞ்சம் ஆறும். சமதரையில் நடக்க 65–70, படி ஏற 83 போல, நாற்காலியிலிருந்து சரியாக எழ 93–95, குனிந்து செருப்பு மாட்ட, கயிறு கட்ட 105-க்கு மேல்.

மயக்கம் கொடுத்து மடக்குவதை, ஆறு வாரம் கழித்தும் 90-ஐ எட்டாமல், வாரத்துக்கு வாரம் அசையாமலும் நின்றால்தான் யோசிப்பார்கள். செய்வதானால் 12 வாரத்துக்குள் செய்வது நல்ல பலன் தரும். அதற்கு முன் கிருமித்தொற்றோ, பொருத்திய பாகத்தின் அளவு, நிலை சரியில்லாததோ காரணமா என்று அறுவை மருத்துவர் பார்த்துவிடுவார். செய்த அன்றே பயிற்சி தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கிடைத்தது மறுபடி இறுகும்.

---

ஊன்றுகோல்:

இருவரும் மூட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் தசையும் நடையும் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கட்டிலில் கிடைத்த நீட்டம் நடையில்தான் தொலைகிறது.

தசையை எழுப்ப: கால் நேராக, முழங்காலின் பின்புறத்தைக் கட்டிலோடு அமுக்கி 5–6 விநாடி நிறுத்துவது. 10 முறை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும். எல்லோரும் சொல்லித்தரும் பயிற்சிதான், ஆனால் பாதிப் பேர் புட்டத்தை இறுக்கிவிட்டுச் செய்ததாக நினைக்கிறார்கள். சில்லுக்கு மேலே உட்பக்கம் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். அங்கே தசை கெட்டியாக வேண்டும், சில்லு மேல்நோக்கி நகர வேண்டும். நகராத முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வராவிட்டால் நல்ல காலிலும் சேர்த்து ஒரே நேரத்தில் செய்யச் சொல்லுங்கள், பல நேரம் அது இழுத்துக்கொண்டு வரும்.

நேராகக் காலைத் தூக்கும் பயிற்சியை இப்போது நிறுத்திவையுங்கள். தசையால் கொண்டுபோக முடியாத அந்த 10 டிகிரி தொய்வோடு தூக்கினால் தொய்வைத்தான் பழக்குகிறோம். உருட்டிய போர்வையை முழங்காலுக்கு அடியில் வைத்து, குதிகாலை மட்டும் தூக்கி நீட்டி 5 விநாடி. 10 முறை, மூன்று சுற்று. இறக்கும்போது மெதுவாக, மூன்று எண்ணி இறக்க வேண்டும். முடிந்ததும் போர்வையை எடுத்துவிடுங்கள், அது தலையணையாக மாறிவிடக் கூடாது. தொய்வு 5 டிகிரிக்குள் வந்த பிறகு நேராகத் தூக்கலாம்.

ஒரு வாரத்திலும் தசை விழிக்காவிட்டால் மின்தூண்டலைப் பற்றிப் பிசியோவிடம் கேளுங்கள். வலிக்கு வைக்கும் டென்ஸ் இதற்கு உதவாது, தசையைச் சுருக்கும் வகை வேண்டும். வழக்கமான அமைப்பு: 50 ஹெர்ட்ஸ், 250 மைக்ரோ விநாடித் துடிப்பு, 10 விநாடி சுருக்கம், 50 விநாடி ஓய்வு, ஒரு அமர்வுக்கு 15 சுருக்கம், நாளுக்கு இரண்டு அமர்வு. ஒரு பட்டை தொடையின் மேல் வெளிப்பக்கம், இன்னொன்று கீழ் உட்பக்கம். கண்ணுக்குத் தெரியும்படி தசை கெட்டியாக வேண்டும், வெறும் கூச்சம் போதாது. உள்ளே உலோகம் இருப்பதால் தடை இல்லை. பேஸ்மேக்கர் இருந்தால் வைக்கக் கூடாது. தோல் மரத்த இடத்தில் பட்டை வேண்டாம்.

நடை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு குனிந்து, முழங்கால் மடங்கியபடி, பாதத்தைத் தட்டையாக வைத்து நடக்கிறாரா என்று பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் கைப்பேசியில் படம் எடுத்துப் பாருங்கள். அநேகமாக ஆம் என்றுதான் இருக்கும். வாக்கர் ஒரு அடிக்கு மேல் முன்னால் போகக் கூடாது, உடம்பு அதன் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். வலது காலை வைக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும், அந்தக் கணத்தில் முழங்கால் நேராக இருக்க வேண்டும். உடம்பு அதன் மேல் வரும்போது தொடையை இறுக்கிப் பின்னால் தள்ள வேண்டும். பத்து அடி இப்படி நடப்பது, நூறு அடி நொண்டுவதைவிட மேல்.

உட்கார்ந்து எழும்போது வலது பாதத்தை முன்னே நீட்டி வைத்துவிட்டு இடது காலிலேயே எழுவார். அது பழகினால் மாதக்கணக்கில் போகாது. நாற்காலியில் ஒரு கெட்டியான மெத்தை போட்டு உயர்த்தி, இரண்டு பாதமும் சமமாக வைத்து, கைப்பிடியை லேசாகப் பிடித்து எழச் சொல்லுங்கள். 5 முறையில் தொடங்கி 10. எளிதானதும் மெத்தையை எடுத்துவிடலாம். நான்காம் வாரத்திலிருந்து 5 செ.மீ. பலகையில் ஏறி இறங்குவது, பிறகு 10, 15, 20.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாற அவசரம் வேண்டாம். தொய்வு குறைந்து, நொண்டாமல் வந்த பிறகு மாறலாம். தடி இடது கையில், அதாவது அறுவை செய்யாத பக்கம். கை தொங்கும்போது மணிக்கட்டு ரேகை உயரத்துக்குப் பிடி இருக்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த காலும் தடியும் முதலில்.

---

வாசல்படி:

ஒரு வாரம் அப்படியே செய்தோம். 26ஆம் நாள் காலை அளவு: தளர்ந்த நிலையில் 5 குறைவு, தானே நீட்டினால் 11 குறைவு, மடக்கம் உதவியோடு 89. சுற்றளவு வித்தியாசம் 2.2 செ.மீ. தலையணை இல்லாமல் மூன்றாம் இரவிலிருந்து தூங்குகிறார். கைப்பேசியில் எடுத்த படத்தில் ஊன்றுகோல் சொன்ன அத்தனையும் இருந்தது, குறிப்பாகப் பாதத்தைத் தட்டையாக வைப்பது. பழைய சீட்டில் அறுவைக்கு முந்தைய மடக்கம் 110 என்று இருக்கிறது.

ஆனால் நேற்று மாலையிலிருந்து வலது கெண்டைக்காலும் கணுக்காலும் வீங்கியிருக்கின்றன, கெண்டைக்காலை அமுக்கினால் வலிக்கிறது. மூச்சு, நெஞ்சு சாதாரணம். பயிற்சி அதிகமாகிவிட்டதா? தேய்த்துவிடலாமா?

---

கோணமானி:

தேய்க்க வேண்டாம், அமுக்கியும் பார்க்க வேண்டாம். இன்றே அறுவை மருத்துவரை அழைத்து, கால் சிரைகளுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் ரத்தக்கட்டு வரலாம். பாதத்தை மேலே மடக்கி வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்பாதீர்கள், அது இருக்கிறது என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. முடிவு வரும்வரை பயிற்சி, மின்தூண்டல் எதுவும் வேண்டாம். இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் சுற்றளவு எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்பார்.

திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

---

தசைநார்:

கூடவே காயத்தையும் பாருங்கள். முழங்காலைச் சுற்றிச் சூடாக இருப்பது சில மாதங்கள் வரை சாதாரணம்தான். சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, காய்ந்த காயம் மறுபடி கசிவது, காய்ச்சல், குறைந்துகொண்டிருந்த வலி திரும்பி ஏறுவது, இவை சாதாரணமல்ல. இருந்தால் அதையும் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள்.

---

வாசல்படி:

ஸ்கேன் எடுத்தோம். கட்டு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். காயமும் சரி. மருத்துவர் கேட்டபோதுதான் தெரிந்தது: இரண்டு நாளாக, மடக்கம் வரட்டும் என்று மதியம் முழுக்க, 3 மணி நேரத்துக்கும் மேல், காலைத் தொங்கப்போட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். மேலே இருந்த நீர் கீழே இறங்கித் தேங்கிவிட்டது. பயிற்சியைத் தொடரச் சொல்லிவிட்டார்.

---

ஊன்றுகோல்:

நல்லது. தொங்கவிட்டு உட்காருவதை ஒரு முறைக்கு 30 நிமிடத்தோடு நிறுத்துங்கள். அதற்குள்ளும் பாதத்தை மேலும் கீழும் நிமிடத்துக்கு 20 முறை அசைக்கச் சொல்லுங்கள். எழுந்து இரண்டு நிமிடம் நடந்துவிட்டு, படுத்துக் குதிகாலை உயர்த்தி 20 நிமிடம். குதிகால் துண்டையும் அப்போதே சேர்த்து வைத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

மீதி இருக்கும் தொய்வு 6 டிகிரி. இந்த வாரமும் போர்வைப் பயிற்சிதான், நேராகத் தூக்குவது அடுத்த வாரம். 30ஆம் நாளுக்கும் 33ஆம் நாளுக்கும் இடையே ஒரு நாள் காலையில் மறுபடி அளந்து போடுங்கள்.